கைப்பிடி வைத்த ஊறுகாய் ஜாடி

எங்கள் வீட்டில் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு கேள்வி வரும்.

"ஜாடிய கிளறிட்டியாம்மா?"

கேட்பவர் என் அத்தை, என் கணவரைப் பெற்றவர். கேள்வி என்னவோ சாதாரணக் கேள்விதான். எலுமிச்சங்காயை நாலாக வெட்டி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு ஊற வைத்தால் தினம் ஒரு தடவை அடியிலிருந்து கிளறிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த மலாக்கா புழுக்கத்துக்கு நாலாம் நாளே மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அத்தைக்குத் தோள்பட்டை இறுகிப்போய் வலது கை பாதிக்கு மேல் எழும்பாது. அதனால் நான் கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்தே கிளறுவது என் வேலையாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கம்பெனி பஸ் வருவதற்குள் செய்து முடிக்கிற ஒரு நிமிஷ வேலை.

குறை வேறிடத்தில் இருந்தது. மாதவிலக்கான மூன்று நாள் பெண்கள் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, தொட்டால் ஊறுகாய் பூத்துப்போகும் என்பது அத்தை வீட்டு வழக்கம். அதனால் "கிளறிட்டேன் அத்தை" என்று நான் சொன்னால் இன்னும் விலக்காகவில்லை என்று அர்த்தம். பதில் சொல்லாமல் நின்றால் ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் இந்த மாதமும் பிள்ளை இல்லை. அவ்வளவு சேதியையும் அந்த ஒரு கேள்வி என் வாயிலிருந்து பிடுங்கிவிடும், அதுவும் நான் பசியாறுவதற்கு முன்பே.

ஏழு வருஷம் இப்படிப் போனது. இரண்டு பேரும் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி, எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தாயிற்று. இரண்டு பேரிடமும் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். கோளாறு இருந்தாலாவது மருந்து சாப்பிடலாம். ஒன்றும் இல்லாததற்கு என்ன செய்வது? என் உடம்புக்குள் நடப்பதை வீட்டுக்கே ஒலிபரப்ப ஒரு பீங்கான் ஜாடி உட்கார்ந்திருந்தது. அடுப்படி மேடையில் அதன் கொழுத்த வயிற்றைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தையைப் பொல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்தை முதலாளிகள் விற்று, அங்கே வீடுகள் எழும்பிய பிறகுதான் எங்களோடு பாயா ரும்புட் தாமான் குடியிருப்புக்கு வந்தார். என் கல்யாணத்தின்போது அவரிடம் வழக்கங்கள் நிறைய இருந்தன. அந்த மூன்று நாள் சமைக்கக்கூடாது, நடு வீட்டில் படுக்கக்கூடாது, பூச்செடியைத் தொடக்கூடாது. நான் வந்த மூன்றாம் மாதமே அவருக்குக் கடும் காய்ச்சல். அன்று எனக்கு இரண்டாம் நாள். என் கணவர் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் குழாய் பொருத்துகிறவர். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை என்று பத்து நாளாக வீட்டுக்கே சரியாக வரவில்லை. வேறு வழியில்லாமல் நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். குடித்தார். பிழைத்தும் கொண்டார். அடுத்த மாதம் சமையல் வழக்கம் போன இடம் தெரியவில்லை. படுக்கை வழக்கமும் பூச்செடி வழக்கமும் அதன் பின்னாலேயே போயின. கடைசியில் மிச்சமிருந்தவை இரண்டுதான், சாமி மேடையும் ஊறுகாய் ஜாடியும்.

சாமி மேடை எனக்கு ஒரு பொருட்டில்லை. சாமி என்னை எதுவும் கேட்பதில்லை.

ஜாடிக்கோ கேட்க ஆள் இருந்தது. அத்தையின் அக்கா புக்கிட் ரம்பாயில் இருக்கிறார். நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். மாதக் கடைசியில் அவர் போன் போடுவார். கையைத் தூக்கிக் காதில் வைக்க முடியாததால் அத்தை எப்போதும் போனை மேசையில் கிடத்தி ஸ்பீக்கரில்தான் பேசுவார். எங்கள் வீடோ மாடியில்லாத, வரிசையாக ஒட்டிக் கட்டிய லிங்க் ஹவுஸ். அடுப்படியில் தும்மினால் முன்வாசலில் கேட்கும்.

"என்னடி, மருமக ஜாடி தொட்டாளா?"

"இல்லக்கா. முந்தாநாளு நின்னுட்டா."

"ஹ்ம். அடுத்த மாசம் பாப்போம்லா. முருகன் இருக்கான்."

இவ்வளவுதான் பேச்சு. கெட்ட வார்த்தை ஒன்று கிடையாது. இதைக் கேட்டுக்கொண்டு நான் சட்டி தேய்ப்பேன். ஒரு மாதம் சட்டியைப் போட்ட சத்தத்தில் அத்தை எட்டிப் பார்த்தார். "கை நழுவிடுச்சு" என்றேன். கை நழுவவில்லை.

என் வேலை புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் கியூ.சி. பிரிவில். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே சின்னச் சின்ன மின்தகடுகளை வைத்து ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையுறை, முகமூடி, தலைக்கு வலை எல்லாம் உண்டு. அந்தத் தைரியத்தில் ஒரு தடவை அத்தையிடம் கேட்டேன்.

"அத்தை, நான் க்ளவுஸ் போட்டுக்கிட்டு கிளறுறேன். தோலே படாது."

"ஒடம்புதானம்மா தொடுது. உறைக்கு என்ன தெரியும்" என்றார், கோபமே இல்லாமல்.

பிறகு அந்த மாதம் வந்தது. இருபத்தெட்டு நாளில் வரவேண்டியது முப்பதானது, முப்பத்திரண்டு ஆனது. நான் தினம் கிளறினேன். "கிளறிட்டியாம்மா?" "கிளறிட்டேன் அத்தை." முப்பத்தைந்தாம் நாள் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்கும்போது குரலே மாறியிருந்தது. முப்பத்தேழாம் நாள் பாசாரில் காய்கறி வாங்கி வந்த பையில் எப்போதும் இருக்கும் பப்பாளி இல்லை. நான் அரிசி மூட்டையைத் தூக்கப் போனால், "அங்கேயே கெடக்கட்டும், அவன் வந்து தூக்குவான்" என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் பரிசோதனைக் குச்சி வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று ஒரு பயம். என் கணவர் மட்டும் ஒரு நாள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, என்னைப் பார்த்துக் காரணமே இல்லாமல் சிரித்தார்.

நாற்பதாம் நாள் காலை நான் ஜாடி முன்னால் போய் நின்றேன். கரண்டியைத் தொடவில்லை.

அத்தை கேள்வியோடு வந்தார், என்னைப் பார்த்தார், கேட்கவில்லை. அவரே கரண்டியை எடுத்து, தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கிளறினார். ஜாடிக்குள் மரக்கரண்டி மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அறைக்குள் இருந்த என் கணவருக்கும் அது கேட்டிருக்கும். கிளறுவது யார் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். நான் வேகமாகக் கிளறுவேன், அத்தை நிறுத்தி நிறுத்திக் கிளறுவார். ஆக, அவருக்கும் சேதி போய்ச் சேர்ந்தது, நான் ஒரு வார்த்தை பேசாமலே. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, முகமூடியைப் போட்டுக்கொண்டு, தொழிற்சாலை போய்ச் சேரும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அக்கா ஒரு டிஷ்யூ பாக்கெட்டை முழுசாக என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றுவரை என்ன ஏது என்று கேட்டதில்லை. அவளுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது அது கண்ணில் பட்டது. வெள்ளைப் பீங்கான் ஜாடி. மூடிக்கு மேலே ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் மூடி வழியாக உள்ளே இறங்கும் கம்பி சுழலும். கம்பியின் அடியில் இரண்டு மரத்துடுப்புகள் உள்ளே இருப்பதைப் புரட்டிவிடும். மூடியைத் திறக்கவே வேண்டாம். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன, சிரிப்பாள். நான் இரண்டாவது யோசனையே இல்லாமல் வாங்கினேன். ஊறுகாயை நினைத்து வாங்கவில்லை.

பார்சல் வந்த அன்று மத்தியானம் அத்தை அதை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் நெருடி, முகர்ந்து பார்த்து, "நம்ம பால் இல்ல இது" என்றார். கைப்பிடியைச் சுற்றினார். "ஐஸ் கச்சாங் கடையில ஐஸ் சீவுற மிசின் மாதிரி இருக்கு."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அத்தை, இதுல மூடியத் தொறக்க வேணாம். கரண்டி வேணாம். கைப்பிடிய மட்டும் சுத்தினா போதும். ஊறுகாய யாரும் தொடுறதே இல்ல."

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கெட்டிக்காரி, நான் எங்கே போகிறேன் என்று உடனே தெரிந்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கைப்பிடியை இடது கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். உள்ளே துடுப்புகள் பீங்கானில் உரசின. இன்னொரு சுற்று.

"மூடி தொறக்காது?"

"தொறக்காது."

"சுவிட்ச தட்டுறோம், மேல பேன் சுத்துது. நாம பேன தொட்டோமா?" என்றார். என்னைக் கேட்கிறாரா, தன்னையே கேட்டுக்கொள்கிறாரா என்று புரியவில்லை. "தொடல. அப்ப இதுவும் தொட்டதாகாது. மாசம் முப்பது நாளும் நீயே சுத்து."

தீர்ப்பு அவ்வளவுதான். ஏழு வருஷம் நான் பட்ட பாட்டுக்கு அது அரை நிமிஷம்கூட எடுக்கவில்லை. எனக்குச் சண்டை போடத் தயாராக வந்து, எதிரில் ஆளே இல்லாமல் நிற்பது போல் இருந்தது.

அடுத்த விலக்கின் முதல் நாள் காலை, நான் போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். அத்தை அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கிளறிட்டியாம்மா?"

"கிளறிட்டேன் அத்தை."

"சரி."

அவ்வளவுதான். தோசையைத் தின்றேன், பஸ் ஏறினேன். சேதி என்னிடமே இருந்தது. என் வயிற்றுவலி என் வயிற்றோடு இருந்தது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல? நாள் முழுக்க வெய்யிலில் நின்ற கால்களை வாளித் தண்ணீரில் விட்ட மாதிரி இருந்தது. பிள்ளை இல்லை என்ற துக்கம் போய்விடவில்லை. ஆனால் அதை எப்போது, எங்கே வைத்து அழுவது என்று நானே பார்த்துக்கொள்ளலாம் என்றானது. அந்த மாதம் நான் அழவும் இல்லை.

என் கணவரிடம் நானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடையில் காரைக் கழுவ விட்டுவிட்டு இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

"இந்த மாசமும் இல்லங்க."

"எப்ப?"

"வியாழக்கெழமையே."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "மூணு நாளா ஒனக்கு வலிச்சிருக்கும்ல. எனக்குத் தெரியாமலேயே போச்சு" என்றார். ஏழு வருஷத்தில் அவர் என் வலியைப் பற்றிப் பேசியது அன்றுதான் முதல். அதுவரை சேதி ஜாடி வழியாக அவருக்கு முதலில் போய்விடும், போனதும் அவர் தன் துக்கத்தைப் பார்ப்பார், என்னிடம் வருவதற்குள் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. அன்று இரண்டு பேரும் கார் காய்கிறவரை பேசினோம்.

மாதக் கடைசியில் பெரியத்தை போன் போட்டார்.

"மருமக ஜாடி தொட்டாளா?"

"எங்களுக்குத்தான் புது ஜாடி வந்துடுச்சேக்கா. சுத்துற ஜாடி. அவ தெனம் சுத்திட்டுத்தான் வேலைக்குப் போறா."

"அப்ப எப்படித் தெரியும் ஒனக்கு?"

"தெரியாதுக்கா" என்றார் அத்தை. அந்தத் 'தெரியாது'வை அவர் சொன்ன விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாரம் இறக்கி வைத்தவர் குரல். போனை வைத்துவிட்டு, அவர் வாய்க்குள் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கீரை ஆய்ந்தார். நான் அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அப்போது எனக்கு என் நிம்மதியே பெரிதாக இருந்தது.

இப்படி எட்டு ஒன்பது மாதம் போயிருக்கும். நடுவில் ஒரு சமயம் கைப்பிடி லேசாகிவிட்டதை உணர்ந்தேன். முன்பெல்லாம் காய் கட்டியாக இருக்கும்போது சுற்றினால் கை கடுக்கும். இப்போது காற்றில் சுற்றுவது போல் ஓடியது. 'காய் நல்லா ஊறிடுச்சு' என்று நினைத்துக்கொண்டேன். நாளெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துக் குறை கண்டுபிடிக்கிறவள் நான், அதுக்குச் சம்பளமும் வாங்குகிறவள். என் கைக்குக் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை.

அதே சமயத்தில் அத்தையின் தோள்வலி கூடியது. சாயங்காலம் தைலம் தேய்த்துவிடும்போது அம்மா அம்மா என்பார். நான் திட்டுவேன். "நான் இல்லாதப்ப என்ன வேல செய்றீங்க நீங்க? ஜன்னல் தொடைக்கிறீங்களா? கைய அசைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "இல்லம்மா, சும்மாத்தான் இருக்கேன்" என்பார். பச்சைப் பொய்.

ஒரு நாள் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் எனக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. முதல் நாள். சில மாதம் அப்படிப் படுத்திவிடும். நிற்க முடியவில்லை. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாலிக் ரூமா, பாலிக்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கிராப் கார் பிடித்து வந்து இறங்கும்போது மணி ஒன்பதரை இருக்கும். கதவு பூட்டவில்லை.

அடுப்படித் தரையில் அத்தை உட்கார்ந்திருந்தார். ஜாடியை மேடையிலிருந்து கீழே இறக்கி, இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து அணைத்துப் பிடித்திருந்தார். மூடி பக்கத்தில் ஒரு தட்டில் கவிழ்த்திருந்தது. பழைய மரக்கரண்டியை இடது கையில் பிடித்து, வலது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக் கிளறிக்கொண்டிருந்தார். கவிழ்த்திருந்த மூடியின் கம்பியைப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. துடுப்புகள் இல்லை.

"அத்தை."

அவர் திடுக்கிட்டார். கரண்டியை மட்டும் விடவில்லை.

"இது எப்ப கழண்டுச்சு?"

"அது... ரெண்டு மாசம் இருக்கும்." வேறு வழியில்லை என்று தெரிந்து சொன்னார். "போன தடவ காய போத்தல்ல போடுறப்ப அடியில கெடந்துச்சு. கழுவி எடுத்து வச்சிருக்கேன்."

இரண்டு மாதம். இரண்டு மாதமாக நான் தினம் காலை ஒரு வெற்றுக் கம்பியைச் சுற்றிவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறேன். நான் போனதும் இவர் அந்தக் கனத்தைக் கட்டிப்பிடித்துக் கீழே இறக்கி, கிளறி, திரும்ப மேலே ஏற்றியிருக்கிறார். சாயங்காலம் நான் தைலம் தேய்த்துத் திட்டியிருக்கிறேன். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஏன் சொல்லல? ஒங்க பிள்ள பிட்டர்தானே, ரெண்டு நிமிசத்துல மாட்டித் தருவாரே. இல்ல, நான் கரண்டியால கிளறிட்டுப் போறேன். இந்தக் கைய வச்சுக்கிட்டு ஏன் அத்தை இந்த வேல பாக்குறீங்க?"

"சொன்னா அவன் இன்னிக்கு நாளைக்குன்னுவான். நீ கரண்டிய எடுப்ப." அவர் ஜாடிக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "கரண்டிய எடுத்தா, மூணு நாளு கீழ வைக்கணும். மறுபடியும் நீ அங்க வந்து நிப்ப. நான் பாப்பேன். அக்கா போன் பண்ணும். நான் சொல்லணும்." ஜாடி விளிம்பில் ஒட்டியிருந்த உப்பை வழித்துவிட்டார். "ஒவ்வொரு மாசமும் அத சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தழும்பேறிப் போச்சும்மா. அந்தக் கைப்பிடி வந்தப்பறம்தான் நான் நல்லாத் தூங்குறேன்."

பெரியத்தையின் கேள்வி எனக்கு மட்டும் வந்த கேள்வி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பதில் சொல்ல வேண்டியிருந்தது இவர்தான். 'சுவிட்ச தட்டுறோம்' என்று அன்று இவர் அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னது நான் ஒத்திகை பார்த்துப் பேசிய சாமர்த்தியத்துக்காக இல்லை. எனக்கு முன்பே இவர் ஒரு வழிக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?" என்றார் அத்தை, அப்போதுதான் நினைவு வந்தவராக.

பொய் சொல்லியிருக்கலாம். தலைவலி என்றால் முடிந்தது.

"வயித்து வலி அத்தை. மொத நாளு."

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்தச் சேதி அந்த அடுப்படியில் வாய்விட்டு வந்தது. அத்தை என்னையே பார்த்தார். நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"கரண்டிய குடுங்க."

அவர் கரண்டியை இறுக்கிப் பிடித்தார். நானும் கையை மடக்கவில்லை. அவர் கரண்டியைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், கடைசியில் தன் தோளை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு கரண்டியின் பிடியைத் தன் சேலையில் துடைத்து என் கையில் வைத்தார்.

"கை ஈரமில்லல்ல?"

"இல்ல."

"அடியில இருந்து கிளறு. மேலாக்க கிளறிட்டு விட்டுடாத."

கிளறினேன். உப்பும் எலுமிச்சையும் மூக்கில் ஏறின. இத்தனை வருஷத்தில் அந்த நாளில் நான் ஜாடிக்குள் கரண்டி விட்டது அன்றுதான். அத்தை எழுந்து போய் எனக்கு ஓமத்தண்ணீர் வைத்துக் கொண்டுவந்தார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் நான்தான் கிளறினேன். அவர் பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். பயம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. பூத்துவிட்டால் என்ன செய்வது என்று இருவருமே சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் திறக்கும்போது மேலே வெள்ளை தெரிகிறதா என்று இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனியும். மஞ்சள் நிறத்தில் காய் பளபளவென்று கிடந்தது. ஒரு புள்ளி இல்லை.

என் கணவர் துடுப்புகளை மாட்டிக் கொடுத்தார். சொன்னபடி இரண்டே நிமிஷம். கைப்பிடியை வலப்பக்கமாக மட்டும்தான் சுற்ற வேண்டுமாம், மூடியில் சின்னதாக அம்புக்குறியே இருக்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் நான் இரண்டு பக்கமும் சுற்றித் திருகைக் கழற்றியிருக்கிறேன். "நீயெல்லாம் கியூ.சி." என்றார். ஆனாலும் அந்தக் காய் ஊறி முடியும்வரை நான் கரண்டியாலேயே கிளறினேன்.

மாதக் கடைசியில் காய்க்கு மிளகாய்த்தூளும் வெந்தயமும் போட்டு, எண்ணெய் காய்ச்சி ஊற்றி, பெரியத்தைக்கு ஒரு போத்தல் கொடுத்துவிட்டோம். நாலாம் நாள் போன் வந்தது. மேசையில் கிடந்த போனிலிருந்து பெரியத்தையின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. நான் அடுப்படியில் இருந்தேன்.

"இந்தத் தடவ ஊறுகா ரொம்ப நல்லா வந்திருக்குடி. தோலு அப்படியே வெண்ண மாதிரி. நீயா கிளறுன?"

"மருமகதான். தெனமும் கரண்டி போட்டு அவதான் கிளறுனா."

"தெனமுமா?" குரல் எழும்பியது. "ஒரு நாளு விடாமயா? அடி பாவி, அப்ப நல்ல சேதிதானே? என்கிட்ட சொல்லவே இல்ல பாத்தியா."

என் கை அப்படியே நின்றது. இதற்குத்தான் ஏழு வருஷமும் பயந்தேன். நாற்பது நாள் வளர்த்த ஆசை உடைந்த அந்தக் காலை நேரம் திரும்ப வந்து அடுப்படியில் நின்றது.

அத்தை அவசரப்படவில்லை.

"சேதி ஒண்ணும் இல்லக்கா. அந்த மூணு நாளும் அவதான் கிளறுனா. நான்தான் குடுத்தேன் கரண்டிய."

போனில் பெரியத்தை வீட்டு டிவியில் யாரோ சிரிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"நீ சாப்பிட்டது அதத்தான். பூத்திருந்துச்சா?"

"...இல்ல."

"கசந்துச்சா?"

"இல்லடி."

"அப்ப சரி. இனிமே மாசாமாசம் அந்தக் கேள்விய கேக்காதக்கா. என்கிட்டயும் கேக்காத, அவகிட்டயும் கேக்காத. சேதி இருந்தா அவளே சொல்லுவா." அத்தை மூச்சு விட்டுக்கொண்டார். "இன்னொரு போத்தல் வேணுமா, வேணாமா? அதச் சொல்லு."

டிவி இன்னும் கொஞ்சம் சிரித்தது. பிறகு பெரியத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டா குடுத்து விடு."

அத்தை அடுப்படிப் பக்கம் திரும்பி, "ரெண்டாம்மா" என்றார், எனக்கு ஏதோ காது கேட்காததைப் போல. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அலமாரியிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்து, துளி ஈரம் இல்லாமல் துடைக்க ஆரம்பித்தேன்.